சார் துறையூர் போயிருக்காங்க

இருதயமேரி வேலையை விட்டபோது அவளை யாரும் தடுக்கவில்லை. மலைக்கோட்டைக் கடைவீதியில், என்.எஸ்.பி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்த ஜவுளி ஏஜென்சி அது. இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் அங்கே ஃபோன் எடுத்தாள், பில் டைப் அடித்தாள், வரும் பார்ட்டிகளுக்கு டீ சொன்னாள். முதலாளி சிவசங்கருக்குச் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், அவர் வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் புக் பண்ணுவதும்கூட அவள் வேலையில்தான் சேர்ந்தது.

போன தை மாதம் கனிஷ்கா என்ற பெண்ணை சிவசங்கர் வேலைக்கு எடுத்தார். காலேஜ் முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்த பெண். அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு மேரியைக் கூப்பிட்டார்.

"நீ பின்னாடி ஸ்டாக் ரூம் பக்கம் உக்காந்துக்க மேரி. உள்ள நுழைஞ்சதும் உன் மூஞ்சியப் பாத்தா துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்றாங்க பார்ட்டிங்க. இந்தப் பொண்ணுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு."

மேரி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் நின்னுக்குறேன் சார்" என்றாள். சிவசங்கர் செல்ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாப்பத்தேழு வயசுல உன்ன எவன் சேத்துப்பான்? போயிட்டு வா, ஒரு மாசத்துல இங்கதான் வந்து நிப்ப" என்றார்.

அந்த ஆபீஸில் மேரிக்குப் பிடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். துணி சாம்பிள் ஏற்றிப்போக ஒரு ஆம்னி வேன் இருந்தது. டிரைவர் நின்றுபோனபோது, ஆள் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு சிவசங்கர் அவளையே ஓட்டப் பழகச் சொன்னார். கடைவீதியில் மாட்டு வண்டிக்கும் மனிதர்களுக்கும் நடுவில் பத்து வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டினாள். அந்த வேனுக்குள் யாரும் அவளைக் கூப்பிட முடியாது. அதுதான் காரணமோ என்னவோ.

புத்தூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஸ்டீபன்ராஜ், பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும் என்று போர்டு எழுதி வைத்திருந்தான். மேரி போய் நின்றாள். அவள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, வேண்டிய பயிற்சிக்கும் அனுப்பி, வேலைக்குச் சேர்த்துக்கொண்டான்.

வீட்டில் அவள் கணவன் லூர்து அன்றோடு பேச்சை நிறுத்தினான். மேலப்புதூரில் ஒரு அச்சகத்தில் வேலை அவனுக்கு. கடைசியாக அவன் சொன்னது இதுதான்: "நெழல்ல உக்காந்து பாத்த வேலைய விட்டுட்டு நடுரோட்டுல நிக்கப் போற. எனக்கு வெக்கமா இருக்கு." அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான். ஸ்கூலில் இருந்த ஆண் ட்ரெய்னர்கள் அவள் காரை எடுக்கும்போதெல்லாம் கர்ச்சீப்பால் நெற்றியில் சிலுவை போட்டுக்காட்டிச் சிரித்தார்கள். டவுன் பஸ் டிரைவர்கள் எல் போர்டைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். மேரி எதற்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிய விஷயம்.

ஜோதி வந்தது ஆடி மாதத்தில்.

"அக்கா, ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு மேடம். நீங்கதான் வேணும்னு பேர் சொல்லிக் கேக்குறாங்க" என்றான் ஸ்டீபன்ராஜ்.

வெளியே வந்த மேரிக்கு ஆச்சரியமாக இருந்தது. சிவசங்கரின் மனைவி. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு ஆபீஸுக்கு வந்து, சுண்டல் பொட்டலம் கொடுத்துவிட்டு, யாரோடும் அதிகம் பேசாமல் போகிறவர். நம்மை நினைவு வைத்துத் தேடி வந்திருக்கிறாரே என்று மேரிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"வாங்க மேடம், நல்லா இருக்கீங்களா?"

ஜோதி அவள் முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வந்துடுங்க. அம்மா மண்டபம் ரோடு, எங்க ஃபிளாட் தெரியும்ல? கேஸ் புக் பண்ண அட்ரஸ்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை கொள்ளிடக் கரைப் பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் காரை நிறுத்தி மேரி இடம் மாறி உட்கார்ந்தாள். ஸ்கூல் காரில் சொல்லித் தருபவர் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அதைக் காட்டி, "பயப்படாதீங்க மேடம், நீங்க தப்பு பண்ணாலும் நான் நிறுத்திடுவேன்" என்றாள்.

"நீங்க நிறுத்துவீங்க. தெரியும்."

"கிளட்ச மெதுவா விடுங்க."

"குரல் அப்படியே இருக்கு" என்றார் ஜோதி, ரோட்டைப் பார்த்தபடி.

"என்ன மேடம்?"

"ஃபோன்ல கேட்ட அதே குரல். பொய் சொல்றப்பவும் இப்படித்தான். தண்ணி மாதிரி வரும்."

கிளட்ச் சட்டென்று விடுபட்டு வண்டி குலுங்கி நின்றது. மேரி மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள்.

அதன்பிறகு தினமும் இப்படித்தான் போயிற்று. இடது பக்கம் ஒடிக்கச் சொன்னால் ஜோதி நேரே போனார். கியரை மாற்றச் சொன்னால், "எங்க வீட்டுக்காரர் நம்பர் ஆஃப்ல இருக்குன்னு சொல்வீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க, மாத்துறேன்" என்றார். மற்ற நேரங்களில் வாயே திறக்கவில்லை. பயிற்சி முடிந்து இறங்கும்போது கதவை அறைந்து சாத்துவார். அவருக்கு வண்டி ஓட்ட வரவில்லை என்று சொல்ல முடியாது. கை ஸ்டியரிங்கில் நன்றாகத்தான் படிந்தது. மேரியை வெறுப்பேற்றும்போது மட்டும்தான் தப்பு நடந்தது.

மேரிக்கும் எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. முதலாளி வீட்டு அம்மா என்ற மரியாதை ஒரு வாரத்தில் கரைந்துபோனது. ஆபீஸில் இருந்தவரை அவளைத் திட்டச் சம்பளம் கொடுத்தார்கள், சரி. இப்போது எதற்கு? இருந்தாலும் காலையில் போய் அந்த ஃபிளாட் வாசலில் ஹாரன் அடித்தாள்.

பாலத்தில் ஓட்டப் பழக வேண்டிய நாள் வந்தது. மாம்பழச்சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் முன்னால் ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"தூரம் விட்டுப் போங்க மேடம்."

ஜோதி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

"மேடம், பஸ்சு! ஸ்லோ பண்ணுங்க!"

"நீங்கதான் நிறுத்துவீங்கன்னு சொன்னீங்களே. நிறுத்துங்க!"

மேரி தன் பக்கத்துப் பிரேக்கை முழுபலத்தோடு மிதித்தாள். பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் இருந்த எழுத்துகள் முகத்துக்கு நேரே வந்து நின்றன. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரன் கார் மேல் கையால் அடித்துக் கத்திவிட்டுப் போனான்.

"எறங்குங்க. நான் எடுக்குறேன்" என்றாள். இந்த முறை மேடம் என்று சொல்லவில்லை.

"எறங்க முடியாது."

"நீங்க சாகணும்னா காவிரி இருக்கு. என்னையும் எதுக்குச் சேத்துக் கூப்பிடுறீங்க?"

ஜோதி கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார். மேரி வண்டியை எடுத்துப் பாலத்தின் மறுபுறம் கொண்டுபோய், ஒரு புங்கமரத்தடியில் ஓரங்கட்டினாள். ஜோதிதான் முதலில் பேசினார்.

"எங்கப்பா செத்த அன்னைக்கு நான் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினேன். ஞாபகம் இருக்கா?"

மேரிக்கு ஞாபகம் இருந்தது. மூன்று வருஷம் ஆகியும் அந்தக் குரல் மறக்கவில்லை.

"எங்க ஃபிளாட்டுக்கு வந்திருந்தாரு, நெஞ்சு வலிக்குதுன்னாரு. வேர்த்துக் கொட்டுச்சு. இவரு செல்லு ஆஃப்ல இருக்கு. ஆபீஸுக்கு அடிச்சா நீங்க எடுக்குறீங்க. 'சார் துறையூர் போயிருக்காங்க மேடம். எப்படியாவது சொல்லிடுறேன், உடனே கூப்பிடச் சொல்றேன்'னீங்க. நான் நம்பினேன். இவரக் கேக்காம நான் அந்த வீட்டுல ஒரு பல்பு மாத்தினதில்ல. கூப்பிடுவாரு, கூப்பிடுவாருன்னு ஃபோனக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கார் கீழதான் நிக்குது. கடைவீதில நிறுத்த எடமில்லன்னு அவரு ஸ்கூட்டர்லதானே போவாரு. எனக்கு ஓட்டத் தெரியல. கடைசில ஆட்டோ புடிச்சு ஏத்தினப்ப எங்கப்பாவுக்குக் கண்ணு சொருகிடுச்சு."

மேரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் அவரு வந்தாரு. 'மேரி எங்கிட்ட சொல்லவே இல்ல, மறந்துட்டாளாம், அவள என்ன பண்றது'ன்னாரு. மறந்துட்டீங்களா? எங்கப்பா உயிரு உங்களுக்கு மறந்துபோச்சா?"

மேரி திரும்பினாள். "மறந்துட்டேன்னு சாரு சொன்னாரா?"

"ஆமா."

"நான் மறக்கல. ஃபோன வெக்காம உள்ள போயி சொன்னேன். நீங்க ரெண்டாந்தடவ கூப்பிட்டப்பவும் போயி சொன்னேன். சாரு துறையூர் போகல. உள்ள ரூம்லதான் இருந்தாரு. ரெண்டு பார்ட்டிங்களோட சீட்டு ஆடிக்கிட்டிருந்தாரு. 'அவளுக்கு எப்பவும் அவசரந்தான், துறையூர்னு சொல்லு'ன்னாரு."

ஜோதியின் முகம் மாறவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அவரு சொன்னாரு. நீங்களும் சொன்னீங்க."

"ஆமா."

"அப்பான்னு சொன்னேன். அழுதேன். 'அவருக்காகக் காத்திருக்காதீங்க மேடம், ஆட்டோ புடிச்சுக்கிட்டுப் போங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு அவரு பர்மிஷன் வேணுமா?"

"அது என் வேலையா இருந்துச்சு மேடம்."

"வேலை!" என்றார் ஜோதி. "நாய்கூட ஆளு விழுந்தா குலைக்கும்."

அந்தச் சொல்லுக்கு மேரி அவரை அறைந்திருப்பாள். கை எழத்தான் செய்தது. அதைக் கியர்மேல் வைத்து அழுத்திக்கொண்டு ஸ்ரீரங்கம் வரை ஓட்டிப்போய் அவரை வாசலில் இறக்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சிவசங்கர் புத்தூருக்கு வந்துவிட்டார். பாலத்தில் நடந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி கார் ஓட்டப் பழகுகிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"யாரக் கேட்டு என் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுக்குற? என்ன பழிவாங்குறியா? பாலத்துல வெச்சுக் கொல்லப் பாத்தியா?" ஸ்கூல் வாசலில் நின்றே கத்தினார். படிக்க வந்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். "ஏம்ப்பா ஸ்டீபன்ராஜ், இவள வெச்சிருந்தா கடைவீதிலேர்ந்து ஒருத்தன் உங்கிட்ட வரமாட்டான், சொல்லிட்டேன்."

"நான் மறந்துட்டேன்னு நீங்க வீட்டுல சொன்னீங்களாமே சார்" என்றாள் மேரி.

சிவசங்கர் பார்வையை ஸ்கூட்டர் பக்கம் திருப்பினார். "என்ன உளர்ற?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

ஸ்டீபன்ராஜ் தலையைச் சொறிந்தான். "அக்கா, அந்த மேடத்த விட்டுடுங்க. வேற ஆளப் போடுறேன். நமக்கு எதுக்கு வம்பு?"

"தாராளமா போடு தம்பி. எனக்கும் அந்தம்மாவப் பாக்க இஷ்டமில்ல."

ஆனால் ஜோதிக்கு இஷ்டம் இருந்தது. வேறு ட்ரெய்னர் போனபோது கதவைத் திறக்கவில்லை. நேரே ஸ்கூலுக்கு வந்து மேரி முன்னால் நின்றார்.

"என்ன, பயமா?"

"உங்களப் பாத்தா பயமில்ல. புடிக்கல."

"எனக்கும்தான் புடிக்கல. அவரு வேண்டான்னு சொன்ன ஆளுகிட்டதான் நான் கத்துக்கப் போறேன். வாங்க."

ஸ்டீபன்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மேரி சாவியை எடுத்துக்கொண்டாள். சிவசங்கர் அவளை மறதிக்காரி என்று மூன்று வருஷமாக ஒரு வீட்டில் நம்ப வைத்திருக்கிறார் என்ற நினைப்பு அவளை இரவெல்லாம் அரித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவளைக் கிளப்பியது. ஜோதிமேல் பரிவு ஒன்றும் இல்லை.

அடுத்த பத்து நாட்கள் ஜோதி ஒழுங்காக ஓட்டினார். பேச்சு, வண்டியைப் பற்றி மட்டும். திருவானைக்கோவில் நெரிசலில், சஞ்சீவி நகர் சிக்னலில், எங்கேயும் வண்டி அணையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எங்க காருலயே ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

ஃபிளாட்டின் அடித்தளத்தில் அந்தக் கார் தூசி படிந்து நின்றது. மேரி எல் போர்டை ஒட்டினாள். உட்கார்ந்த பிறகுதான் அவள் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. இந்தக் காரில் அவள் பக்கம் எதுவும் இல்லை. நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

"மெதுவா எடுங்க. இதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

கார் சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தபோது கேட்டுக்கு நடுவில் சிவசங்கர் நின்றுகொண்டிருந்தார். லுங்கியும் பனியனுமாக ஓடி வந்திருந்தார்.

"எறங்குடி கீழ."

ஜோதி வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "ஒண்ணு கேக்குறேன். அப்பா செத்த அன்னைக்கு நீங்க ஆபீஸ்லதான் இருந்தீங்களா?"

சிவசங்கர் மனைவியைப் பார்க்கவில்லை. மேரியைப் பார்த்தார். "என்னடி சொல்லி வெச்சிருக்க இவகிட்ட?"

"நடந்தத சொன்னேன் சார்."

"இருவத்திரெண்டு வருஷம் சோறு போட்டேன்டி உனக்கு!"

"வேலை பாத்தேன். சும்மா போடல."

"அவ பொய் சொல்றா ஜோதி. அவள ஆபீஸ விட்டுத் தொரத்துனேன், அந்தக் காண்டுல..."

"சீட்டுல ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார் ஜோதி.

சிவசங்கர் இரண்டு கைகளையும் பானட்மேல் ஊன்றிக்கொண்டு, "எறங்க மாட்ட? எப்படிப் போறன்னு பாக்குறேன்" என்றார்.

ஜோதி கியரைப் போட்டார். மேரி அந்த முகத்தைப் பார்த்தாள். பாலத்தில் பார்த்த அதே முகம். கிளட்சிலிருந்து கால் எழும்போதே மேரி இரண்டு கைகளாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். கார் ஒரு எக்கு எக்கி, உறுமி அணைந்தது. சிவசங்கர் பின்னால் மல்லாந்து விழுந்தார். பம்பர் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஜோதி மேரியின் கையில் ஓங்கி அடித்தார். "இப்பவும் அவரத்தான் காப்பாத்துறீங்க! இப்பவும்!"

"அவரு எக்கேடு கெட்டா எனக்கென்ன?" மேரியும் கத்தினாள். "இடிச்சிருந்தா நீங்க ஜெயில்ல இருப்பீங்க. பக்கத்துல நானும் இருப்பேன். இத்தன வருஷம் அவருக்காக எல்லாம் பண்ணியாச்சு. அவருக்காக ஜெயிலுக்குமா போகணும்?"

சிவசங்கர் எழுந்து உட்கார்ந்தார். கையில் சிராய்ப்பு. வாட்ச்மேனும் இரண்டு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் லுங்கியைச் சரிசெய்துகொண்டு கேட்டின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

ஜோதி வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அழுகிறாரோ என்று மேரி நினைத்தாள். அழவில்லை.

"நியூட்ரல் பண்ணுங்க" என்றாள் மேரி. "திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஹேண்ட் பிரேக்க நான் எடுக்குறேன்."

கார் கேட்டைத் தாண்டி அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பியது.

ஜோதிக்கு முதல் டெஸ்ட்டிலேயே லைசென்ஸ் கிடைத்தது. ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஸ்கூல் காரிலிருந்து இறங்கி வந்தவர், மேரியின் கை நீண்டிருந்தும் அதில் கொடுக்காமல் சாவியைப் பானட்மேல் வைத்தார்.

"உங்கள நான் மன்னிக்கல. அது தெரியட்டும்."

"நான் கேக்கல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்று மறுபடியும் சொன்னார். அப்போது மட்டும் குரல் லேசாக உடைந்தது.

"சொல்லியிருக்கணும்" என்றாள் மேரி. ஜோதி அதைக் கேட்க நிற்கவில்லை.

கடைவீதி ஆட்கள் யாரும் வரமாட்டார்கள் என்ற மிரட்டல் பாதி பலித்தது. அந்தக் கோபத்தில் ஸ்டீபன்ராஜ் மேரியை ஏ.சி. வேலை செய்யாத பழைய காருக்கு மாற்றினான். வேலையை விட்டு அனுப்பவில்லை, ஏனென்றால் பெண்கள் அவளைத்தான் கேட்டார்கள். வீட்டில் லூர்து இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறான், அதுவும் சண்டைதான். ஒருநாள் கனிஷ்கா ஃபோன் பண்ணினாள்.

"அக்கா, மேடம் இவர விட்டுட்டு அவங்க பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப வேற யார் யாரோ கூப்பிடுறாங்க. சார் இல்லன்னு சொல்லச் சொல்றாரு. உள்ளதான் இருக்காரு. என்ன பண்றது?"

"உள்ள இருந்தா இருக்காருன்னு சொல்லு."

"வேல போயிடும்க்கா."

"போகும்" என்றாள் மேரி. "லைசென்ஸ் வெச்சிருக்கியா?" கனிஷ்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு காலை, புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் வஹீதாவுக்குக் காவிரிப் பாலத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அடித்த காற்று அனலாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு கார் நீளமாக ஹாரன் அடித்தபடி ஒட்டி வந்து, இவர்களைத் தாண்டி இடப்பக்கம் வெட்டிப் போனது. ஓட்டியது ஜோதி. அவர் எல் போர்டையும் பார்த்திருப்பார், மேரியையும் பார்த்திருப்பார். முகத்தைத் திருப்பவில்லை.

வஹீதா பயந்து பிரேக்கை மிதித்துவிட்டாள். "யாருக்கா அது, இப்படிப் போறாங்க?"

"எங்கிட்ட படிச்சவங்கதான்" என்றாள் மேரி. "இண்டிகேட்டர் போடாம வெட்டுறாங்க பாருங்க. அத மட்டும் நீங்க கத்துக்காதீங்க. ம், கியரப் போடுங்க."